சோதனையில் எல்லோரும் பாஸ், ஆனால் டாஷ்போர்டை யாரும் தொடுவதில்லை. எங்கே தவறினேன்?

கோடும் புள்ளியும் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் புகார்களைப் பிரித்து அனுப்பும் குழு ஒன்றுக்காக நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு டாஷ்போர்டு (தரவை ஒரே திரையில் படங்களாகக் காட்டுவது) செய்தேன். மேலே காலக்கோடு, அதன் கீழே எந்தப் பிரிவில் எத்தனை புகார் என்று பெட்டிகளின் பரப்பளவால் காட்டும் ட்ரீமேப், வலப்பக்கம் எந்தெந்தப் புகார்கள் சேர்ந்தே வருகின்றன என்று புள்ளிகளையும் இணைப்புக் கோடுகளையும் வைத்துக் காட்டும் நெட்வொர்க் படம் (இதற்கு மட்டுமே ஒரு மாதம் போனது, வெட்கத்தோடு சொல்கிறேன்). எதன் மேல் மவுஸைக் கொண்டுபோனாலும் விவரப் பெட்டி எழும். காட்சிப்படுத்தல் ஆய்வாளர் பென் ஷ்னைடர்மன் 1996ல் எழுதினாரே, முதலில் முழுத் தோற்றம், அப்புறம் நெருங்கிப் பார்ப்பதும் வடிகட்டுவதும், கேட்டால் மட்டும் விவரம் என்று, அந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டு செய்தது.

சும்மா வெளியிடவில்லை, சோதித்தேன். ஐந்து பேர் போதும் என்று படித்திருந்தேன், பாதுகாப்புக்கு ஏழு பேரை உட்காரவைத்தேன். "மார்ச் மாதத்தில் எந்தப் பிரிவில் புகார் அதிகம்?", "இரண்டாவது பிரிவை மட்டும் வடிகட்டுங்கள்", "வடிகட்டியை நீக்குங்கள்" என்று ஒன்பது வேலைகள் கொடுத்தேன். ஒன்றிரண்டு தடுமாற்றம் தவிர எல்லோரும் முடித்தார்கள். கடைசியில் கொடுத்த எஸ்யூஎஸ் கேள்வித்தாளில் (பயன்படுத்தச் சுலபமா என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவது) சராசரி 82 வந்தது. ஒருவர் "சூப்பரா இருக்கு" என்று எழுதியே கொடுத்தார்.

வெளியிட்டு ஆறு வாரம் ஆகிறது. யார் எதை அழுத்தினார்கள் என்று பதிவாகும் லாகைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வருகிறார்கள், தேதியை மாற்றுகிறார்கள், மூலையில் பேருக்கு வைத்திருந்த பதிவிறக்கப் பொத்தானை அழுத்தி எக்செல் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ட்ரீமேப் மேல் விழுந்த க்ளிக்குகளில் பெரும்பாலானவை நானே சரிபார்க்கும்போது போட்டவை. நெட்வொர்க் படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இனிமையாகப் பேசி ஏமாற்றிவிட்டார்களா, அல்லது நான் சோதித்த விதமே தவறா? தவறு என்றால் இப்படி ஒரு காட்சிப்படுத்தலை வேறு எப்படித்தான் சோதிப்பது?

பழைய சோதனைக்காரன் எழுதியது:

ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதற்கு அவர்கள் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள், கேட்டதுதான் தப்பு.

உங்கள் வேலைகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "மார்ச்" என்ற சொல் காலக்கோட்டில் இருக்கிறது. "பிரிவு" என்பது ட்ரீமேப்பின் தலைப்பு. "வடிகட்டுங்கள்" என்பது பொத்தானில் எழுதியிருப்பது. திரையில் இருக்கும் சொற்களையே கேள்வியில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவை எங்கே இருக்கின்றன என்று தேடச் சொல்லியிருக்கிறீர்கள். கண் தெரிந்தவர் யாரும் பாஸ் ஆவார். பொத்தான் எங்கே என்று தெரிகிறதா என்பதற்கு அது நல்ல சோதனைதான், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை தன் வேலையைத் திறந்து உட்காரும் ஒருவருக்கு மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்பது உங்கள் ஒன்பதில் ஒன்றிலும் இல்லை.

ஐந்து பேர் கணக்கும் அப்படித்தான். நீல்சன், லேண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் 1993ல் போட்ட கணக்கு அது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களில் மாட்டிக்கொள்வார் என்று எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். சரி, ஆனால் நீங்கள் கொடுத்த வேலைகளின் பாதையில் கிடக்கும் சிக்கல்கள் மட்டும்தான் வெளிவரும். பாதையே வேறு பக்கம் போனால் ஐம்பது பேரை உட்காரவைத்தாலும் ஒன்றும் கிடைக்காது.

எஸ்யூஎஸ் பற்றி: ஜான் புரூக் 1986ல் உருவாக்கிய பத்துக் கேள்விகள். சராசரி மதிப்பெண் 68 என்று வைத்துக்கொள்கிறார்கள், ஆக 82 நல்ல எண்தான். பயன்படுத்தச் சுலபமாகத் தோன்றியதா என்பதை அது சொல்லும். படத்தைப் பார்த்து எதையாவது தெரிந்துகொண்டார்களா, தெரிந்துகொண்டது சரியா என்பது அதன் கேள்விகளில் கிடையாது.

காட்சிப்படுத்தலைச் சோதிப்பதில் இந்தத் தலைவலி பழசு. ஆய்வாளர் கேத்தரின் பிளெய்சன்ட் 2004லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் ஒரே தரவை நாள்கணக்கில் பல கோணத்தில் பார்த்து, முன்னால் தோன்றாத கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதற்கான கருவியை, அரை மணி நேரத்தில் முடியும் சின்ன வேலைகளால் அளக்க முடியாது என்பது அதில் ஒரு முக்கியமான புள்ளி. கிறிஸ் நார்த்தின் குழு வேறு வழி பார்த்தது: வேலை எதுவும் கொடுக்காமல் தரவைக் கொடுத்து, "பார்த்துக்கொண்டே மனதில் தோன்றுவதைச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டு, அவர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு விஷயத்தையும், எத்தனையாவது நிமிடம், எவ்வளவு ஆழமானது, சரியா தவறா என்று குறித்துக்கொள்வது. உழைப்பு அதிகம், எண்ணுவது கஷ்டம். ஆனால் உங்கள் ஏழு பேரை அப்படி உட்காரவைத்திருந்தால் இரண்டாவது ஆளிலேயே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு கருவியைச் சோதித்தேன், எல்லா வேலையும் முடித்த ஒரு பெண்மணி எழுந்து போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார். எடுத்துப் பார்த்தேன் (நாகரிகம் இல்லைதான்). ஒரு திரையில் பார்த்த எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த திரையோடு ஒப்பிட்டிருக்கிறார். நாங்கள் வடிகட்டியை மாற்றினால் பழைய படம் மறைந்து புதியது வரும்படி செய்திருந்தோம். அவருக்கு வேண்டியது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஸ்க்ரீன் ரெக்கார்டிங், ஸ்டாப்வாட்ச் எல்லாம் வைத்திருந்தோம், எதிலும் அது பதிவாகவில்லை.

உங்களுக்கு அந்தக் காகிதம் எக்செல் கோப்பு. பதிவிறக்கிய பின் அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேட்காதீர்கள், பாருங்கள்.

பச்சையும் சிவப்பும் ஒன்றே எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எல்லாப் பழியையும் சோதனை மேல் போட வேண்டாம். படத்திலேயே கோளாறு இருக்கும்.

முதலில் ட்ரீமேப். ஷ்னைடர்மன் அதை 1990 வாக்கில் கண்டுபிடித்ததற்குக் காரணம் அவர்கள் ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் டிஸ்க் நிரம்பிக்கொண்டே இருந்தது, எந்தக் கோப்புறைக்குள் எது இடத்தை விழுங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு அருமையானது. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் எந்தப் பிரிவு ஏறியது என்று பார்க்க அது உதவாது, தரவு மாறினால் பெட்டிகளும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். தவிர, புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984ல் காட்டியது இன்றும் நிற்கிறது: ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மனிதர்கள் நன்றாகப் படிக்கிறார்கள், நீளம் அதற்கு அடுத்து, கோணமும் பரப்பளவும் அதற்கும் கீழே. 2010ல் ஹீரும் போஸ்டாக்கும் இணையத்தில் ஆட்களைப் பிடித்து மறுபடி செய்து பார்த்தார்கள், ஏறக்குறைய அதே வரிசைதான் வந்தது. பரப்பளவை ஒப்பிடச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தால், ஓரத்தில் பதிவிறக்கப் பொத்தான் இருக்கும்வரை அவர் எண்ணைத்தான் தேடுவார்.

இரண்டாவது, நிறம். என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். முடிந்த புகார் பச்சை, முடியாதது சிவப்பு என்று போட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். எனக்கு நிறக்குருடு, இரண்டும் ஒரே சேற்று நிறம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேர் எங்கள் கட்சி, மற்ற மக்களிடம் கொஞ்சம் குறைவு, பெண்களிடம் மிகக் குறைவு. ஏழு பேரில் ஒருவர்கூட எங்கள் ஆள் இல்லாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு, இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டார், நாங்கள் சின்ன வயதிலிருந்தே சமாளித்துப் பழகியவர்கள்.

நிறத்தை அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண் சொல்கிறேன். 2011ல் ஹார்வர்டில் மிஷெல் போர்கினும் மற்றவர்களும் இதயத் தமனிப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு. வானவில் நிறங்களோடு முப்பரிமாணப் படத்தைப் பார்த்தவர்கள் ஆபத்தான இடங்களில் 39 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். அதே தரவை இரு பரிமாணத்தில், பொருத்தமான நிறவரிசையில் கொடுத்தபோது 91 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் மருத்துவர்கள் பழகியிருந்தது அந்த வானவில்லுக்குத்தான். படம் வரையும் பைத்தான் மென்பொருளான மேட்பிளாட்லிப் 2017ல் தன் 2.0 பதிப்பில் வானவில்லைக் கைவிட்டு விரிடிஸ் என்ற நிறவரிசைக்கு மாறியதற்குப் பின்னால் இதே மாதிரிக் கவலைகள்தான்.

மூன்றாவது, "எதன் மேல் மவுஸைக் கொண்டுபோனாலும் விவரப் பெட்டி எழும்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது கொண்டுபோகாவிட்டால் ஒன்றும் தெரியாது. நியூயார்க் டைம்ஸின் கிராஃபிக்ஸ் பிரிவில் இருந்த ஆர்ச்சி ட்ஸே 2016ல் ஒரு பேச்சில் சொன்ன விதி, டூல்டிப் (மவுஸ் போனால் எழும் அந்த விவரப் பெட்டி) வைத்தால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு வடிவமையுங்கள் என்பது. முக்கியமான எண் எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி. வடிகட்டியை மாற்றினால் படம் மாற எவ்வளவு நேரம் ஆகிறது?

கோடும் புள்ளியும் எழுதியது:

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள், பச்சை சிவப்புதான். வடிகட்டினால் இரண்டு மூன்று வினாடி. சர்வருக்குப் போய் வர வேண்டுமே. மூன்று வினாடி பெரிய விஷயமா என்ன?

இன்னொன்று. இன்று இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஒரு வார்த்தை கேட்காமல். இருவரும் செய்தது ஒன்றே. இந்த வாரக் கோப்பைப் பதிவிறக்குகிறார்கள், போன வாரக் கோப்பைத் திறக்கிறார்கள், விலுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடும் எக்செல் சூத்திரம்) போட்டு, மூடிய பிறகு மறுபடி திறக்கப்பட்ட புகார்கள் எவை என்று பிரிக்கிறார்கள். அந்தப் பட்டியல்தான் கூட்டத்துக்குப் போகிறது. "மறுதிறப்பு" என்ற விஷயமே என் டாஷ்போர்டில் எங்கும் கிடையாது. தரவுத்தளத்தில் இருக்கிறது, தேவையில்லாத புலம் என்று நானே விட்டுவிட்டேன்.

பச்சையும் சிவப்பும் ஒன்றே எழுதியது:

மூன்று வினாடி பெரிய விஷயம்தான். லியூவும் ஹீரும் 2014ல் பார்த்தார்கள், ஒவ்வொரு செயலுக்கும் அரை வினாடி மட்டும் கூடுதலாகத் தாமதம் சேர்த்தார்கள், அதற்கே ஆட்கள் குறைவாகத் தேடினார்கள், தரவில் குறைந்த பகுதியைத்தான் தொட்டார்கள். காத்திருக்கிறோம் என்று அவர்களுக்கே தோன்றாமல்கூட இருக்கலாம். உங்களுடையது மூன்று வினாடி, அதுவும் ஒவ்வொரு வடிகட்டலுக்கும். சும்மா தட்டிப் பார்ப்போம் என்று யாருக்குத் தோன்றும்?

அட்டவணைக் கட்சி எழுதியது:

நான் மாற்றுக் கருத்து. எக்செலுக்குப் போவதை ஏன் தோல்வி என்று பேசுகிறீர்கள்? அவர்களுக்கு வேண்டியது பட்டியல். குறிப்பிட்ட புகாரின் எண், தேதி, யாரிடம் இருக்கிறது. துல்லியமான மதிப்பைத் தேடும் வேலைக்கு அட்டவணையை விஞ்சிய படம் கிடையாது, அதைச் சொன்னால் இந்தத் துறையில் கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள்.

ஷ்னைடர்மன் வரிசையை வேதமாக்கிவிட்டதும் ஒரு பிரச்சினை. முழுத் தோற்றத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வான் ஹாமும் பெரேரும் 2009ல் பெரிய நெட்வொர்க்குகளுக்குத் தலைகீழாகச் சொன்னார்கள்: முதலில் தேடு, பிறகு சுற்றுப்புறத்தைக் காட்டு, வேண்டுமானால் விரித்துக்கொள். ஆயிரம் கணு (புள்ளி) இருக்கும் நெட்வொர்க்கின் முழுத் தோற்றம் நூல்கண்டு சிக்கல், அதில் என்ன தோற்றம்? உங்கள் ஆட்கள் கையில் ஒரு புகார் எண்ணோடு வருகிறார்கள். அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

ஓரமாக நிற்பவன் எழுதியது:

நெட்வொர்க் படத்தைத் தூக்குங்கள். எங்கள் இடத்திலும் ஒன்று இருந்தது. விருந்தினர் வந்தால் பெரிய திரையில் போட்டுக் காட்டுவோம், மற்ற நாட்களில் யாரும் சீந்துவதில்லை.

அது இருக்கட்டும், வாரத்துக்கு வாரம் மாற்றம்தான் வேண்டும் என்றால் அனிமேஷன் போடலாமே? ஹான்ஸ் ரோஸ்லிங் தன் பேச்சுகளில் நாடுகளைக் குமிழ்களாக்கி வருடவாரியாக ஓடவிட்டாரே, அது போல. பிளே பொத்தானை அழுத்தினால் பெட்டிகள் நகரட்டும், ஜனங்கள் ரசிப்பார்கள்.

பழைய சோதனைக்காரன் எழுதியது:

ரசிப்பார்கள், அதுதான் ஆபத்து. ராபர்ட்சன் குழு 2008ல் சரியாக அந்தக் குமிழ் அனிமேஷனையே சோதித்தது. பங்கேற்றவர்களுக்கு அனிமேஷன் பிடித்திருந்தது, உற்சாகமாக இருந்தது என்றார்கள். ஆனால் தாங்களே தரவை ஆராயும்போது அதில்தான் அதிக நேரமும் எடுத்தது, பிழையும் கூடியது, சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் வைத்தது அதைவிட நன்றாக வேலை செய்தது. ரோஸ்லிங் பக்கத்தில் நின்று எந்தக் குமிழைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் டாஷ்போர்டு பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்?

அட்டவணைக் கட்சிக்கு: பாதி சம்மதம். முதல் திரை அட்டவணையாக இருக்கட்டும். ஆனால் அட்டவணையோடு நிறுத்தினால் அவர்கள் ஏற்கெனவே தேடுவது மட்டுமே கிடைக்கும். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973ல் நான்கு சின்னத் தரவுத் தொகுப்புகளைக் காட்டினார், சராசரி, மாறுபாடு, ஒட்டுறவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே, வரைந்தால் நான்கும் நான்கு விதம். இந்த வாரம் மறுதிறப்பு 40 என்று அட்டவணை சொல்லும். அது எட்டு வாரமாக மெல்ல ஏறி 40க்கு வந்ததா, ஒரே நாளில் குதித்ததா என்பதை எக்செலில் விலுக்அப் போடுபவர் பார்க்கவே மாட்டார். அங்கேதான் படத்துக்கு வேலை.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. காட்சிப்படுத்தல் ஆய்வாளர் தமாரா மன்ஸ்னர் 2009ல் காட்சிப்படுத்தலை வடிவமைக்கும் வேலையை நான்கு அடுக்காகப் பிரித்தார்: யாருக்கு என்ன பிரச்சினை, அதற்கு எந்தத் தரவை எப்படி எடுப்பது, அதை எப்படி வரைவது, எவ்வளவு வேகமாகக் கணிப்பது. மேல் அடுக்கில் தவறினால் கீழே எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்தத் தவறு இறங்கி வரும். மறுதிறப்புப் புலத்தை விட்டது உங்கள் இரண்டாம் அடுக்குத் தவறு. ஆய்வகச் சோதனையில் மூன்றாம் அடுக்கைப் பார்த்துப் பாஸ் போட்டிருக்கிறீர்கள், அதிலும் நிறம் தப்பிவிட்டது.

கோடும் புள்ளியும் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதல் இரண்டு நாள் கோட் எழுதவே இல்லை, காகிதத்தில் வரைந்து இருவரிடம் காட்டினேன். இப்போது முதல் திரை அட்டவணை, மேலே மறுதிறப்புகள், புகார் எண்ணைப் போட்டுத் தேடும் பெட்டி. ஒவ்வொரு பிரிவின் வரிசையிலும் எட்டு வாரத்துக்கு ஒரு குட்டிக் கோட்டுப்படம். பச்சை சிவப்புக்குப் பதில் நீலம் ஆரஞ்சு, கூடவே "திறந்தது", "மூடியது" என்று எழுத்திலும் போட்டிருக்கிறேன். ஒரு வாரத் தரவை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டதால் வடிகட்டல் அரை வினாடிக்குள் முடிகிறது. ட்ரீமேப் போய்விட்டது. நெட்வொர்க்கை ஒரு இணைப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன், அழிக்க மனசு வரவில்லை.

சோதனையும் மாற்றினேன். நான்கு பேர். அவர்களுடைய சொந்தத் தரவையே திறந்து வைத்து, "நாளைக் கூட்டத்தில் எதைப் பேசுவீர்கள், தேடி எடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன் (இதுதான் ரொம்பக் கஷ்டம், இரண்டு தடவை உதடு வரை வந்துவிட்டது). மூன்று பேர் எக்செலுக்குப் போகவில்லை. ஒருவர் ஒரு பிரிவில் மறுதிறப்பு ஆறு வாரமாக ஏறுவதைக் கவனித்து, இதை நான் பார்த்ததே இல்லையே என்றார்.

ஆனால் புதுச் சிக்கல் ஒன்று. நான்கில் இரண்டு பேர் குட்டிக் கோட்டுப்படத்தைத் தப்பாகப் படித்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி அளவுகோல் வைத்திருந்தேன், அதனால் 3 புகார் 5 ஆனதும் மலை, 300 புகார் 500 ஆனதும் மலை. ஒருவர் அந்த மூன்று புகார் பிரிவைத்தான் அவசரம் என்று எடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் போட்டுப் பார்த்தேன், சின்னப் பிரிவுகள் எல்லாம் தட்டைக் கோடாகிவிட்டன, அவர்கள் அவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மடக்கை அளவுகோல் (ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறுவது) போட்டால் யாருக்கும் புரியாது என்று எனக்கே தெரியும்.

அட்டவணைக் கட்சி எழுதியது:

கோட்டின் இரு முனையிலும் எண்ணை எழுதுங்கள், மூன்றும் ஐந்தும் கண்ணில் பட்டால் மலை என்று ஏமாற மாட்டார்கள். அப்புறம் பிரிவுகளை வழக்கமான எண்ணிக்கையை வைத்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று குழுவாக அடுக்கி, ஒரு குழுவுக்குள் ஒரே அளவுகோல் வையுங்கள். குழுக்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டு, அளவுகோலின் உச்சத்தைக் குழுத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் குழு தாண்டி ஒப்பிடுவார்கள்.

கோடும் புள்ளியும் எழுதியது:

முனையில் எண் போடுவது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. மூன்று குழு யோசனையைக் காகிதத்தில் வரைந்துவிட்டேன், தப்பாகப் படித்த அந்த இருவரிடமே நாளை காட்டுகிறேன். பதிவிறக்கப் பொத்தான் அதே மூலையில்தான் இருக்கிறது, எடுக்கப்போவதில்லை. ஆனால் இனி அதை அழுத்துபவர் எந்த வடிகட்டலில் நின்றுகொண்டு அழுத்தினார் என்பதும் லாகில் பதிவாகிறது.